கையைக் கீழே வைக்கத் தெரியாதவர்கள்: போக்கரில் பழக்கங்களைப் படிப்பது எப்படி

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கை. அங்கே ஒரு தொடர்மாடியின் நாலாம் மாடியில் சனிக்கிழமை இரவுகளில் நாங்கள் ஆறேழு பேர் போக்கர் விளையாடுவோம். காசு வைப்பதில்லை. ஆளுக்கு 1,000 புள்ளிக்கு பிளாஸ்ரிக் காய்கள். கடைசியில் வெறுங்கையோடு நிற்பவர் காலி வீதிக்கு இறங்கி எல்லாருக்கும் கொத்துரொட்டி வாங்கி வரவேண்டும். மழை பெய்தாலும் அவர்தான்.

இந்த மேசையில் இருப்பவர்களில் பாதிப்பேர் 304 என்ற தாள் விளையாட்டை விளையாடி வளர்ந்தவர்கள். மின்சாரம் இல்லாத காலத்தில் யாழ்ப்பாணத்து விறாந்தைகளில் அரிக்கன் லாம்பைச் சுற்றியிருந்து பழகிய கைகள். ஜாக் 30, ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, ராசா 3, ராணி 2. ஒரு சாதிக்கு 76, நாலு சாதிக்கும் 304 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். எந்தத் தாள் போய்விட்டது, துரும்பு எதுவாக இருக்கும், எதிரில் இருப்பவர் ஏன் அந்தத் தாளை இறக்கினார் என்று கணக்குப் போடுவதில் இவர்களை விழுத்துவது கஷ்டம். ஆனால் போக்கர் மேசையில் இதே ஆட்கள்தான் அடிக்கடி கொத்துரொட்டி வாங்கப் போகிறார்கள். ஏன் என்று நான் கனநாள் யோசித்தேன். 304-இல் கேள்வி, அதாவது ஏலம், முடிந்து ஆட்டம் தொடங்கிவிட்டால், கையில் வந்தது குப்பையானாலும் கடைசிப் பிடி வரை இருந்து விளையாடத்தான் வேண்டும். போக்கரில் எந்த நேரமும் கையைக் கீழே வைத்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடிக்கலாம். அந்த உரிமையைப் பயன்படுத்தப் பழகாதவர்களாலேயே மற்றவர்கள் வெல்கிறார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பரவலாக ஆடப்படுவது டெக்சாஸ் ஹோல்டெம். 52 தாள். ஆளுக்கு இரண்டு தாள் கவிழ்த்துக் கொடுக்கப்படும். நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து தாள் வரும்: முதலில் மூன்று ஒன்றாக, அதற்கு ஃப்ளொப் என்று பெயர், பிறகு ஒன்று, டேர்ன், கடைசியாக ஒன்று, ரிவர். கையில் உள்ள இரண்டும் நடுவில் உள்ள ஐந்தும் ஆக ஏழில் சிறந்த ஐந்துதான் உங்கள் கை. ஃப்ளொப்புக்கு முன்னும், ஒவ்வொரு கட்டத்தின் பின்னும் காய் வைக்கும் சுற்று வரும். யாராவது காய் வைத்தால் அதே அளவு வைத்துத் தொடர்வது கோல், கூட்டி வைப்பது ரெய்ஸ், விட்டுவிடுவது ஃபோல்ட். யாரும் வைக்காதபோது நீங்களும் வைக்காமல் கடப்பது செக். நடுவில் குவிவது பொட். நல்ல கை இல்லாமலே நல்ல கை இருப்பதுபோல் வைத்து மற்றவரை விரட்டுவது ப்ளஃப். இதற்கு மேல் இப்போதைக்குத் தேவையில்லை.

சரி, ஒருவரின் பழக்கத்தைப் பயன்படுத்துவது என்றால் என்ன? சின்ன வயதில் புளியங்கொட்டையைக் கைக்குள் பொத்திக்கொண்டு ‘ஒற்றையா இரட்டையா’ விளையாடியிருப்பீர்கள். எதிரில் இருப்பவர் மனம்போன போக்கில் பாதி நேரம் ஒற்றை, பாதி நேரம் இரட்டை என்று ஒழுங்கில்லாமல் வைத்தால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. எப்படிச் சொன்னாலும் பாதிதான் சரிவரும். ஆனால் உங்கள் தம்பிக்கு ஒற்றை பிடிக்கும், பத்துக்கு ஏழு தரம் ஒற்றைதான் வைப்பான் என்றால்? நீங்கள் ஒவ்வொரு தரமும் ‘ஒற்றை’ என்று சொன்னால் போதும், பத்துக்கு ஏழு உங்களுடையது. அவனுடைய முகத்தைப் பார்க்கவே தேவையில்லை. இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. நீங்கள் எப்போதும் ஒற்றையே சொல்கிறீர்கள் என்பதை அவன் கவனித்துவிட்டால் இரட்டை வைக்கத் தொடங்குவான். அவன் பக்கம் சாய்ந்த அளவுக்கு நீங்களும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கிறீர்கள்.

கணினிகள் இதில் எங்கே நிற்கின்றன என்பதைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில் உருவான செஃபியஸ் என்ற நிரல், இருவர் மட்டும் ஆடும், காய் வைக்கும் அளவுக்கு வரம்புள்ள ஹோல்டெம் ஆட்டத்தை ஏறக்குறைய முழுமையாகத் தீர்த்துவிட்டதாக 2015-இல் அறிவிக்கப்பட்டது. அது எதிராளியைப் படிப்பதில்லை. எதிராளி என்ன செய்தாலும் காலப்போக்கில் தோற்காத விதமாக, ஒற்றையும் இரட்டையும் சரியான விகிதத்தில் கலந்து வைப்பதுபோல் ஆடுகிறது. ஆனால் பத்துக்கு ஏழு ஒற்றை வைக்கும் தம்பியிடம் அந்த மாதிரி நிரல் பாதியைத்தான் எடுக்கும். தம்பியை அறிந்த அக்கா ஏழை எடுப்பாள்.

இனி எங்கள் மேசைக்கு வருவோம். அங்கே ஒரு மாமா இருக்கிறார். எனக்குச் சொந்த மாமா இல்லை, கூப்பிட்டுப் பழகிய மாமா. நல்ல மனிதர், 304-இல் புலி. ஒரு நாள் என் கையில் ஆசும் ராணியும். ஃப்ளொப்பில் ராணி, எட்டு, மூன்று. நான் காய் வைத்தேன், மாமா கோல். டேர்னில் ஒரு இரண்டு. மறுபடி வைத்தேன், மாமா கோல். ரிவரில் ஜாக். இன்னும் பெரிதாக வைத்தேன். மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கோல் பண்ணினார். தாளைத் திறந்தால் எட்டும் ஆறும். என் ராணிச் சோடிக்கு எதிராக வெறும் எட்டுச் சோடி.

“மூண்டு தரமும் வைச்சனான், பிறகும் ஏன் மாமா கோல் பண்ணினனீங்கள்?”

“உன்னட்ட என்ன இருக்கெண்டு பாக்கத்தான் தம்பி.”

போக்கரில் மிகப் பரவலான பலவீனம் இதுதான்: சும்மா பார்க்கிற ஆசை. கோல் பண்ணுவதற்கு அவருக்குக் கை தேவையில்லை, காரணம் ஒன்று இருந்தால் போதும். ‘நீ பொய் சொல்லலாம்’ என்பது ஒரு காரணம். ‘இவ்வளவு வைத்தாயிற்று, இனி என்ன’ என்பது இன்னொன்று. ஆட்டம் தொடங்கினால் முடியும்வரை இருக்க வேண்டும் என்ற பழைய 304 மனம் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிறது.

இப்படிப்பட்டவரிடம் முதலில் கைவிட வேண்டியது ப்ளஃப். கணக்கைப் பாருங்கள். பொட்டில் 100 காய் இருக்கிறது, நீங்கள் 50 வைத்து ப்ளஃப் பண்ணுகிறீர்கள். அவர் விட்டால் உங்களுக்கு 100, கோல் பண்ணினால் உங்களுக்கு 50 நட்டம். மூன்றுக்கு ஒரு தரம் அவர் விட்டால் உங்கள் கணக்குச் சரிக்குச் சரி. இரண்டுக்கு ஒரு தரம் விடுகிறவரிடம் ஆறு முறை செய்தால் 300 வரவு, 150 செலவு, நல்ல வியாபாரம். மாமா பத்துக்கு ஒரு தரம் விடுவார் என்று வைத்துக்கொள்வோம். பத்து முறை செய்தால் வரவு 100, செலவு 450. அதே ப்ளஃப்தான், ஆள் மட்டும் வேறு.

புதியவர்களுக்கு இதை நம்ப வைப்பது கஷ்டம், ஏனென்றால் போக்கர் என்றாலே ப்ளஃப் என்று தொலைக்காட்சி பழக்கிவிட்டது. 2003-இல் லாஸ் வேகாசில் நடந்த உலகப் போக்கர் தொடரின் இறுதியில் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் சாம் ஃபார்ஹா என்ற தொழில்முறை ஆட்டக்காரருக்கு எதிராக, ராசாவைத் தவிர ஒன்றும் இல்லாத கையோடு ரிவரில் எல்லாக் காயையும் தள்ளினார். இரண்டு ஒன்பது சேர்ந்த சோடி வைத்திருந்த ஃபார்ஹா நெடுநேரம் யோசித்து விட்டுவிட்டார். மணிமேக்கர் அந்தத் தொடரை வென்று 25 இலட்சம் டொலர் எடுத்தார். அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் மணிமேக்கரின் துணிச்சலைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது ஃபார்ஹா. சோடியைக் கீழே வைக்கக்கூடிய ஒருவர் எதிரில் இருந்ததால்தான் அது பலித்தது. எங்கள் மாமா இருந்திருந்தால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கோல் பண்ணியிருப்பார், உலகப் போக்கர் சரித்திரமே மாறியிருக்கும்.

மாமாவிடம் செய்யவேண்டியது மறுபக்கம். ஓரளவு நல்ல கை வந்தாலே வையுங்கள், மற்றவர்களிடம் வைப்பதைவிடக் கூட வையுங்கள். 50 வைத்தாலும் 100 வைத்தாலும் அதே எட்டுச் சோடியோடு அவர் கோல் பண்ணுவார் என்றால் 50 வைப்பது தர்மம் செய்வது மாதிரி. நல்ல கையை ஒளித்து வைத்து, செக் பண்ணிக் கண்ணி வைக்கும் கெட்டித்தனமும் இங்கே வீண். திறந்த கதவுக்கு எதற்குக் கன்னக்கோல்? இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எப்போதும் கோல் மட்டும் பண்ணுகிற ஒருவர் திடீரென்று ரெய்ஸ் பண்ணினால் அதை ஒரு அறிவித்தலாக எடுத்துக்கொண்டு, உங்கள் அழகான சோடியை மரியாதையாகக் கீழே வையுங்கள். நான் இதைக் கற்க மூன்று கொத்துரொட்டி செலவானது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பழக்கம், வரப்போகும் தாளுக்காகத் தொங்கிக்கொண்டிருப்பது. கையிலும் நடுவிலும் சேர்த்து நாலு ஹார்ட்ஸ், ஐந்தாவது வந்தால் ஃப்ளஷ், அதாவது ஐந்தும் ஒரே சாதி. இன்னும் ஒன்பது ஹார்ட்ஸ் வெளியில் இருக்கிறது. ஃப்ளொப்புக்குப் பிறகு நீங்கள் காணாத தாள் 47. அடுத்த தாளே ஹார்ட்ஸாக இருக்க 47-க்கு 9, ஏறக்குறைய ஐந்துக்கு ஒன்று. டேர்ன், ரிவர் இரண்டையும் காசில்லாமல் பார்க்க விட்டால் நூற்றுக்கு 35. எனவே காசில்லாமல் பார்க்க விடக்கூடாது. பொட்டில் 100 இருக்கும்போது நீங்கள் 50 வைத்தால், அவர் 150-ஐ வெல்வதற்கு 50 கொடுக்கிறார். ஐந்து தரத்தில் நாலு தரம் 50 வீதம் 200 போகும், ஒரு தரம் 150 வரும். ஃப்ளஷ் வந்த பிறகு நீங்கள் அவருக்கு மேலும் காய் கொடுத்தால்தான் அவர் கணக்கு நிமிரும். அதனால் மூன்றாவது ஹார்ட்ஸ் நடுவில் விழுந்து அவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தால், கொடுக்காதீர்கள்.

எதிர்த் துருவத்தில் இருப்பவர் என் ஒன்றுவிட்ட தங்கச்சி. கணக்குப் படித்த பிள்ளை, ஆனால் காய் போவதைத் தாங்காது. ஃப்ளொப்பில் தன் தாளோடு ஒன்றும் பொருந்தவில்லை என்றால் யார் என்ன வைத்தாலும் விட்டுவிடுவாள். இது விவேகமாகத்தான் தெரியும். ஆனால் கையில் சோடி இல்லாமல் தொடங்கும் எவருக்கும் ஃப்ளொப்பில் சோடியோ அதற்கு மேலோ கிடைப்பது ஏறக்குறைய மூன்றுக்கு ஒரு தரம்தான். ஆரம்பத்திலேயே சோடி வருவதோ 17-க்கு ஒரு தரம். ஆக, பெரும்பாலான நேரம் அவளிடம் ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லாதபோதெல்லாம் விடுகிறாள். மேலே போட்ட கணக்கின்படி பாதிப் பொட்டு வைக்கும் ப்ளஃப் மூன்றுக்கு ஒரு தரம் பலித்தாலே போதும். இவளிடம் மூன்றுக்கு இரண்டு தரம் பலிக்கிறது. இவளுக்கு எதிராக நான் தாளைப் பார்க்காமலே ஃப்ளொப்பில் வைக்கலாம், உண்மையில் ஒருமுறை வைத்தும் இருக்கிறேன். ஆனால் அவள் கோல் பண்ணிவிட்டால் அத்தோடு கடையைப் பூட்டிவிட வேண்டும். மாமாவின் கோல் ஒரு சின்ன ஆசை. தங்கச்சியின் கோல் முத்திரை குத்திய பத்திரம்.

இவளைப் போன்றவர்களுக்கு எதிராகத் தொடர்ந்து வைக்கும் சண்டியர்கள் இருக்கிறார்கள் அல்லவா, கொட்டாஞ்சேனையில் இருந்து வரும் எங்கள் நண்பன் ஒருவன் அந்த ரகம். எந்தக் கையோடும் வைப்பான், எவர் வைத்தாலும் ரெய்ஸ் பண்ணுவான், சத்தமும் கூட. பலர் இவனோடு மல்லுக்கு நிற்கப் போய் அழிந்திருக்கிறார்கள். இவனுக்கு மருந்து பொறுமை. நல்ல கை வந்தாலும் செக் பண்ணி அவனையே வைக்க விடுங்கள், கோல் பண்ணிக்கொண்டு போங்கள்; அவனே உங்களுக்காகப் பொட்டை நிரப்புவான். ஆட்டம் வலஞ்சுழியாகப் போவதால், முடிந்தால் அவன் உங்களுக்கு வலப்பக்கத்தில் இருக்கும்படி உட்காருங்கள். அவன் என்ன செய்தான் என்பதைப் பார்த்த பிறகுதான் உங்கள் முறை வரும். நான் சனிக்கிழமைகளில் கொஞ்சம் முன்னதாகவே போய்ச் சேர்வதன் இரகசியம் இந்தக் கதிரைதான்.

முகம், கண், மூச்சு பற்றி நிறையச் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. இரண்டு விஷயம் மட்டும் ஓரளவு உதவியிருக்கிறது. பெருமூச்சு விட்டு, தலையை ஆட்டி, ‘என்ன செய்யிறது’ என்ற முகத்தோடு காய் வைப்பவரிடம் பெரும்பாலும் பெரிய கை இருக்கும். நாடகம் போட அவருக்குக் காரணம் இருக்கிறது. காய் வைக்கும்போது கை நடுங்கினால் அது பயம் என்று புதியவர்கள் நினைப்பார்கள். நான் கண்டவரை, பெரிய கை வந்த பதற்றம்தான் அது.

முகத்தைவிட நம்பத்தக்கது எண்கள். ஆட்கள் எவ்வளவு வைக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். புதியவர்களில் நிறையப் பேர் பயப்படும் கைக்குச் சின்னதாகவும், பிடித்த கைக்குப் பெரிதாகவும் வைப்பார்கள். பொட்டில் 200 இருக்கும்போது 20 காயை ஒருவர் கூச்சத்தோடு தள்ளினால், அவர் மலிவாக அடுத்த தாளைப் பார்க்க விரும்புகிறார் என்று அர்த்தம். ஒரு நல்ல ரெய்ஸுக்கு அவர் பெரும்பாலும் விட்டுவிடுவார். கைபேசியில் ஆடும்போது நேரம் பேசும். ரொறன்ரோவில் இருக்கும் மச்சானோடு நான் செயலியில் ஆடுவதுண்டு. காய் வைத்த அதே கணத்தில் அவன் கோல் பண்ணினால் ரெய்ஸ் பண்ணலாமா, விடலாமா என்ற யோசனையே அவனுக்கு வரவில்லை. பெரிய கையும் இல்லை, குப்பையும் இல்லை, நடுத்தரச் சோடி அல்லது ஃப்ளஷுக்குக் காத்திருப்பு. சில நேரம் அவன் பிள்ளை அழுதிருக்கும், அது வேறு.

பெரிய பொட்டைத் தோற்ற ஒருவர் அடுத்த பதினைந்து நிமிடம் வேறு ஆளாகிவிடுவார். விட்டதைப் பிடிக்கிற வெறி. விடவேண்டிய கைகளை எல்லாம் ஆடுவார், அவரிடமும் மாமாவிடம் செய்வதையே செய்யுங்கள். உங்களுக்கே அது வந்துவிட்டால் எழும்பிப் பலகணிக்குப் போய்க் கடலைப் பாருங்கள்.

‘அப்படியென்றால் கசினோவுக்குப் போகலாமே’ என்று ஒரு தம்பி கேட்டான். கொழும்பில் கசினோக்கள் இருக்கின்றன, அவற்றை ஒழுங்குபடுத்தச் சட்டம் இருக்கிறது, இலங்கையர்கள் உள்ளே போக டொலரில் கணக்கிட்ட நுழைவு வரி கட்ட வேண்டும். அதைவிட முக்கியம், அங்கே சக்கரம் சுற்றும் ரூலெட் போன்ற ஆட்டங்களில் உங்கள் எதிராளி மனிதர் இல்லை. ஒற்றைப் பூச்சியம் உள்ள சக்கரத்தில் 37 குழி, ஒரு எண் விழுந்தால் 35 மடங்குதான் தருவார்கள். சக்கரத்துக்கு மாமாவின் ஆசையும் இல்லை, தங்கச்சியின் பயமும் இல்லை. படிக்க ஒன்றுமே இல்லாத புத்தகம். இந்தக் கட்டுரையில் சொன்னது எதுவும் அங்கே செல்லாது.

கவனிப்பது எப்போது? நீங்கள் கையைக் கீழே வைத்த பிறகு. அந்த நேரத்தில்தான் எல்லாரும் கைபேசியை எடுப்பார்கள். ஆட்டத்தில் இல்லாதபோது மனம் பதறாது, கண் தெளிவாக இருக்கும். கடைசியில் தாள் திறக்கப்படும்போது, அந்தக் கையோடு அவர் ஃப்ளொப்பில் என்ன செய்தார், டேர்னில் எவ்வளவு வைத்தார் என்று பின்னோக்கி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒருமுறை கண்டதைப் பழக்கம் என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு ப்ளஃப்பைக் கண்டுவிட்டு ‘இவன் எப்போதும் பொய்தான்’ என்று அடுத்த மூன்று கைக்கும் கோல் பண்ணித் தோற்றவர்கள் எங்கள் மேசையில் உண்டு. ஒரே மாதிரியான இடத்தில் மூன்று நாலு தரம் ஒரே காரியத்தைச் செய்தாரென்றால் கொஞ்சம் சாயலாம், அதுவும் கொஞ்சம்தான். தங்கச்சியிடம் நான் ஒவ்வொரு ஃப்ளொப்பிலும் வைத்துக்கொண்டே இருந்தபோது, ஐந்தாவது வாரம் அவள் வெறும் ஆசோடு ரெய்ஸ் பண்ணினாள். கணக்குப் படித்த பிள்ளை என்று சொன்னேனே.

போன சனிக்கிழமை ஒரு பெரிய பொட்டில் நான் ஒன்றுமில்லாத கையோடு 100 வைத்தேன். எதிரில் மாமா. மாமாவுக்கு ப்ளஃப் பண்ணக்கூடாது என்று இவ்வளவு நேரம் எழுதிய அதே ஆள்தான், என்ன செய்ய. கோல் பண்ணி என் காயை எல்லாம் அள்ளிக்கொண்டே சொன்னார்: “தம்பி, கை இருந்தா நீ 85, 95 எண்டு எண்ணி எண்ணி வைப்பாய். பொய் எண்டா 50, 100 எண்டு முழுசா வைப்பாய். நாலைஞ்சு கிழமையாப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்.”

அன்று நல்ல மழை. கடையில் ஏழு பொதி கட்டி முடிக்க இருபது நிமிடம் நின்றேன். இப்போது எல்லாக் கைக்கும் எண்ணித்தான் வைக்கிறேன், மாமா எல்லாவற்றுக்கும் கோல் பண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்.